வாடகை வீட்டில் பூஞ்சணம்: பெயின்ட் வாங்குமுன் செய்யவேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கிணறு நிரம்பும்போது பழைய வீட்டுச் சுவர்களும் ஊறத் தொடங்கும். நாங்கள் வாடகைக்கு இருப்பதும் அப்படியொரு சுண்ணாம்புப் பூச்சு வீடுதான். போன மாரியில் படுக்கையறைச் சுவரைக் காயவைத்த முறையை எழுதுகிறேன்.

1. தண்ணி எங்கிருந்து வருகிறது?

இது தெரியாமல் காசு செலவழிக்காதீர்கள். ஓடு, பீலி ஒழுக்கு என்றால் மழையோடு மேலே பழுப்புக் கறை படரும், கண்டுபிடிப்பது சுலபம். நில ஈரத்தைச் சுவர், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுக்கும். பெரும்பாலும் மூன்று அடி உயரத்துக்குள் நிற்கும். அங்கே வெள்ளையாகப் பூத்து மாவாக உதிர்வது உப்பு. ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கள்: உப்பு கரையும், பூஞ்சணம் கரையாது. அலுமாரிக்குப் பின்னால், மூலைகளில் வரும் கரும்புள்ளிகளுக்குப் பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரமே காரணம்.

நில ஈரமா, காற்று ஈரமா என்று பிரித்தறிவதில்தான் நான் நிறையத் திணறினேன். அதற்கு ஒரு வழி: சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டுங்கள். சுவரின் மேற்பரப்பைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் காற்று ஈரம். சுவரோடு ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவர் ஈரம். சுண்ணாம்பு உதிரும் சுவரில் சாதாரண செலோடேப் நிற்காது. தூசியைத் துடைத்துவிட்டு, பெட்டி ஒட்டும் அகலமான பழுப்பு டேப்பைப் பாவியுங்கள்.

2. துடைத்தல்

காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்டவே கூடாது. வித்துகள் வீடெல்லாம் பறக்கும். மாஸ்க், கையுறை போட்டு, யன்னலைத் திறந்துவிட்டு, சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணியில் துணி நனைத்துத் துடையுங்கள். பிறகு ஃபானைப் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். ஆஸ்துமாக்காரரும் பிள்ளைகளும் அந்த நேரம் அறையில் இருக்கவேண்டாம்.

பிளீச் குளியலறை டைல்ஸுக்குச் சரி, பூச்சுச் சுவருக்குள் ஆழமாகப் போகாது. வினாகிரியோடோ டாய்லட் கழுவும் அமிலத்தோடோ அதைக் கலந்தால் குளோரின் வாயு வரும். அது உயிருக்கே ஆபத்து.

3. பூச்சு

பழைய சுவருக்கு என் தெரிவு சுண்ணாம்புதான். பிளாஸ்டிக் பெயின்ட் பளபளக்கும், ஆனால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளித்து உரியும். சீமெந்து பூசி மறைத்தாலும் ஈரம் இன்னும் மேலே ஏறும். மழை ஓய்ந்து சுவர் காய்ந்தபின், மாசி பங்குனியில் அடியுங்கள்.

4. வீட்டுக்காரர்

ஓடும் பீலியும் அவர் கவனிக்கவேண்டியவை. மாரிக்கு முன்பே திகதியோடு படம் எடுத்துக் காட்டுங்கள். “அண்ணை, உங்கட சுவர் பழுதாகுது” என்று தொடங்கினால் காது கொடுத்துக் கேட்பார். பீலியில் அடைத்த சருகை நாமே அள்ளிவிடலாம்.

பின்சேர்க்கை: தாளின் இரண்டு பக்கமும் நனைந்தால் என்ன செய்வது என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. இரண்டு ஈரமும் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் சுவரைப் பாருங்கள், அதிலிருந்து ஆவியாகும் தண்ணியும் அறைக் காற்றில்தான் சேர்கிறது. அதுவரை அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், ஈர உடுப்பை அறைக்குள் காயப்போடாதீர்கள், மழை விட்ட நேரத்தில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுங்கள்.