ஸ்லட்ஜ் படியவில்லையா? ஒரு குடுவை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சொட்டு மை

கழிவுநீர் சுத்திகரிப்பில் அழுக்கைத் தின்பது பாக்டீரியா என்று எல்லோருக்கும் தெரியும். தின்றால் மட்டும் போதாது, தின்று முடித்ததும் தொட்டியின் அடியில் படியவும் வேண்டும். தனித்தனியாக மிதக்கும் பாக்டீரியா அத்தனை சுலபத்தில் படியாது. ஜூக்ளியா போன்ற சில வகைகள் பிசுபிசுப்பான ஒரு பசையை வெளியே விட்டு ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன, அந்தத் திரளைத்தான் ஃப்ளாக் என்கிறோம், திரள்கள் சேர்ந்து படியும் சேறுதான் ஸ்லட்ஜ். அது எப்படி இருக்கிறது என்று நாமே பார்த்துவிடலாம்.

முதலில் மாதிரி. ஏரேஷன் டேங்க்கில் (கழிவுநீருக்குக் காற்று ஊட்டும் தொட்டி) நன்றாகக் கலங்கும் இடத்தில், மேலே மிதக்கும் நுரையைத் தவிர்த்து எடுங்கள். பாட்டிலை முழுக்க நிரப்பாதீர்கள், உள்ளே இருப்பவை மூச்சு விட மேலே காற்று வேண்டும். கையுறை கட்டாயம். எடுத்ததும் சோதியுங்கள், வைத்திருந்து பார்த்தால் நிலைமை மாறிவிடும்.

அடுத்து குடுவைச் சோதனை. ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் ஊற்றி 30 நிமிடம் அசைக்காமல் விட்டு, ஸ்லட்ஜ் எத்தனை மி.லி.யில் நிற்கிறது என்று குறியுங்கள். அதை எம்.எல்.எஸ்.எஸ் அளவால் (அந்தத் தொட்டி நீரில் மிதக்கும் திடப்பொருள், லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில்) வகுத்தால் வருவது எஸ்.வி.ஐ, அதாவது ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்து எத்தனை மி.லி. இடம் பிடிக்கிறது என்ற எண். 250 மி.லி., 2.5 கிராம் என்றால் 100, நல்ல ஸ்லட்ஜ். 150-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். குடுவையில் 600 மி.லி. நின்றாலே 'பல்க்கிங்' (ஸ்லட்ஜ் உப்பி, படியாமல் நிற்பது) என்று பதறத் தேவையில்லை, எம்.எல்.எஸ்.எஸ் 6 கிராம் இருந்தால் அதுவும் 100-தான், ஸ்லட்ஜ் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே, கொஞ்சம் வெளியேற்றினால் சரியாகும். சந்தேகமா? கிளாரிஃபையரில் (ஸ்லட்ஜைப் படியவிடும் தொட்டி) இருந்து வரும் தெளிந்த நீரைச் சரிபாதி கலந்து இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். இப்போது வேகமாகப் படிந்தால் நெரிசல்தான் காரணம். அப்போதும் அடம்பிடித்தால் மைக்ராஸ்கோப்புக்குப் போக வேண்டும்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு, மேலே மூடித் தகடு, சாய்த்து மெதுவாக இறக்குங்கள். அழுத்தினால் திரள் நசுங்கி, பார்ப்பதெல்லாம் பொய்யாகிவிடும். முதலில் 100 மடங்கு போதும், எடுத்தவுடன் 1000-க்குப் போக வேண்டாம். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (நிறமற்றதையும் எடுத்துக் காட்டும் ஒளி வசதி) இல்லாவிட்டால் கண்டென்சருக்கு (தகட்டின் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) கீழே உள்ள துவாரத்தைக் குறைத்து வைத்தால் ஓரளவு தெரியும்.

உருண்டையாக, இறுக்கமாக, ஓரம் தெளிவாக இருந்தால் நல்ல ஃப்ளாக். அதில் இழை பாக்டீரியா கொஞ்சம் தெரிந்தால் உடனே எதிரி என்று முடிவு கட்டாதீர்கள், கான்கிரீட்டுக்குள் கம்பி மாதிரி திரளைப் பிடித்து நிறுத்துவது அதுதான். இழையே இல்லாவிட்டால் திரள் பொடிப்பொடியாக உடைந்து, ஸ்லட்ஜ் வேகமாகப் படிந்தும் மேல்நீர் கலங்கலாகவே இருக்கும். ஒரு திரளிலிருந்து இழை நீண்டு பக்கத்துத் திரளைப் பிடித்துக்கொண்டு பாலம் கட்டினால் மட்டுமே தொல்லை: திரள்கள் நெருங்கவே முடியாது, எஸ்.வி.ஐ ஏறும். காற்று போதாமை, உணவுப் பற்றாக்குறை, செப்டிக் ஆகிப்போன (காற்றில்லாமல் அழுகிய) கழிவுநீர் என்று காரணங்கள் பல, முதலில் கரைந்த ஆக்சிஜனை அளந்துவிடுங்கள், பொதுவாக லிட்டருக்கு 2 மி.கி. அளவில் வைத்திருப்பார்கள்.

சரி, இழையும் இல்லை, ஆனாலும் படியவில்லை, ஸ்லட்ஜ் தொட்டால் ஜெல்லி போல வழவழ என்கிறது. அப்போது ஒரு சொட்டு இந்தியன் இங்க்கை (நுண்ணிய கரித்துகள் கலந்த கறுப்பு மை) மாதிரியோடு கலந்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். சாதாரணத் திரளில் மையின் கருந்துகள் உள்ளே வரை ஊடுருவும். பசை அதிகமானால் நுழைய முடியாமல் பெரிய வெள்ளைத் திட்டுகள் தெரியும். பெரும்பாலும் நைட்ரஜனோ பாஸ்பரஸோ பற்றாததால் வருவது இது, ஆலைக் கழிவில் அதிகம். பி.ஓ.டி (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற பழைய கணக்கை வைத்து, குறைவதைச் சேர்க்க வேண்டும். இழையைக் கொல்லப் போடும் குளோரின் இங்கே வேலைக்கு ஆகாது, அதனால் குளோரினைத் தொடுவதற்கு முன் இந்த மைச் சோதனையை முடித்துவிடுங்கள்.