கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகளை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட், அதன் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995இல் இறக்கும்வரை 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் பதிவாகியிருக்கின்றன. இவ்வளவு குவிந்து கிடப்பதைப் பார்த்து மிரண்டு, பலர் ஸ்டுடியோ ஆல்பத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று விலகிவிடுகிறார்கள். கர்நாடக சங்கீத மொழியில் சொன்னால், ஸ்டுடியோவில் கிடைப்பது சாகித்யம் மட்டும். நிரவலும் ஸ்வரமும், அதாவது அந்த நேரத்துக் கற்பனை, மேடையில்தான்.

படி 1: ஒரே ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள்

1977 மே 8. நியூயார்க் மாநிலத்தின் இதாகா ஊர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதத்தில் பனி பெய்த இரவு அது. இதுதான் அவர்களுடைய ஆகச் சிறந்த கச்சேரியா என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது மட்டும் தெரியும். வாசிப்பு கச்சிதம், ஒலி துல்லியம்.

அந்தத் துல்லியத்துக்குக் காரணம் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர். வாடகை கட்டாததால் 1986இல் அவருடைய கிடங்கில் இருந்த நாடாக்கள் ஏலத்தில் போயின. கை மாறி, நகலாகி, ரசிகர்களிடம் பரவின. கார்னெல் கச்சேரி 2017இல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அதற்கு முன்பே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டது.

படி 2: எந்தப் பதிவு என்று பாருங்கள்

இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் 1977-05-08 என்று தேதியைக் கொடுத்துத் தேடினால் ஒரே இரவுக்குப் பல பதிவுகள் வரும். சவுண்ட்போர்டு என்றால், மேடை ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது. ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாகக் கேட்கும். ஆடியன்ஸ் என்றால் கூட்டத்துக்குள் மைக் நட்டு எடுத்தது. மேட்ரிக்ஸ் இரண்டையும் கலந்தது.

முதலில் சவுண்ட்போர்டு கேளுங்கள். அப்புறம் கட்டாயம் ஓர் ஆடியன்ஸ் பதிவுக்கு வாருங்கள். ஒரு பாட்டின் முதல் இரண்டு சுரங்களிலேயே அது எது என்று அடையாளம் கண்டு கூட்டம் ஆர்ப்பரிப்பது அதில்தான் கேட்கும். ரசிகர்கள் பதிவு செய்வதை இந்தக் குழு தடுக்கவில்லை. 1984 அக்டோபர் முதல் அவர்களுக்கென்று மிக்ஸருக்குப் பின்னால் தனி இடமே ஒதுக்கினார்கள். ஒரே நிபந்தனை, காசுக்கு விற்கக் கூடாது. இவ்வளவு இசை இன்று நம் கைக்கு வந்திருப்பது அந்தப் பெருந்தன்மையால்தான்.

படி 3: அம்புக்குறியைப் படிக்கப் பழகுங்கள்

பாடல் பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு நடுவே > என்று இருந்தால், நிறுத்தாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனார்கள் என்று பொருள். உயிர் இருப்பது அங்கேதான். கார்னெலில் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ் > ஃபயர் ஆன் தி மவுண்டன்' வருகிறது, இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல். இந்த இணைப்பை அவர்கள் மேடையில் முதலில் வாசித்ததே அதே ஆண்டு மார்ச்சில்தான். முதல் பாட்டு எங்கே முடிகிறது, இரண்டாவது எங்கே பிறக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லப் பாருங்கள். நான் பலமுறை முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விரல் வைத்தேன்.

படி 4: ஒரு வாத்தியத்தை மட்டும் தொடருங்கள்

கார்சியாவின் கிதார் தானாகவே காதில் விழும். அதனால் இரண்டாம் முறை கேட்கும்போது ஃபில் லெஷின் பாஸ் கிதாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் ட்ரம்பெட் வாசித்தவர். குழுவில் சேர்ந்த பிறகுதான் பாஸைக் கையில் எடுத்தார். அடித்தளம் போட்டுவிட்டு ஒதுங்குவது அவர் பாணி அல்ல. கிதாரோடு பேசுவார், மறுத்துப் பேசுவார். மூன்றாம் முறை பாப் வியரின் ரிதம் கிதார். அவர் விட்டுவிடும் இடங்களைக் கவனியுங்கள்.

1978க்குப் பிந்தைய கச்சேரிகளில் இரண்டாம் பாதியின் நடுவே 'டிரம்ஸ்' என்று ஒரு பகுதி வரும். தாண்டிப் போகாதீர்கள். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாத ரசிகருக்கு இது பிடிக்கும். இரு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் கற்றவர். ஹார்ட்டின் 1991ஆம் ஆண்டு 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் நம்முடைய விக்கு விநாயக்ராம் கடம் வாசித்திருக்கிறார்.

படி 5: ஒரே பாட்டை மூன்று தேதிகளில்

இப்போது 'டார்க் ஸ்டார்'. 1968இல் சிங்கிளாக வந்தபோது அது மூன்று நிமிடம்கூட இல்லை. அதைக் கேட்டுவிட்டு, 'லைவ்/டெட்' ஆல்பத்தில் உள்ள 1969 பிப்ரவரி 27 பதிவுக்குப் போங்கள்: 23 நிமிடம். முதல் வரியைப் பாடுவதற்கே அவசரப்பட மாட்டார்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் கேளுங்கள்.

மூன்றாவது, 1972 ஆகஸ்ட் 27, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள வெனீட்டா ஊர். ஸ்பிரிங்ஃபீல்ட் கிரீமரி என்ற பால் பொருள் நிறுவனத்துக்கு நிதி திரட்ட நடந்த திறந்தவெளிக் கச்சேரி. டிக்கெட்டைத் தயிர் லேபிளிலேயே அச்சடித்தார்கள். கடும் வெயில், வாத்தியங்கள் சுருதி விலகிக்கொண்டே இருந்தன. அந்த நிலையில்தான் அரை மணி நேரத்துக்கு மேல் 'டார்க் ஸ்டார்' வாசித்தார்கள். இடையில் தாளம் கரையும், மெட்டு காணாமல் போகும். பயப்படாமல் கூடவே போங்கள். எல்லாம் சிதறிவிட்டது என்று தோன்றும் கட்டத்துக்குப் பிறகு, எங்கிருந்தோ 'எல் பாசோ' என்ற கௌபாய் பாட்டு குதிரைக் குளம்படியோடு வந்து சேரும். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் பின்னால் போய், அது எப்படி வந்தது என்று மறுபடி கேளுங்கள்.