மலையிலிருந்து ரெகாவவுக்கு ஆமை பார்க்கப் போகிறவர்களுக்கு

நம் மலையகப் பக்கத்திலிருந்து கடலாமை பார்க்கப் போகிற பலர் கொழும்பு-காலி வீதியோரம் ஆமை முட்டை பொரிக்க வைக்கும் ஏதாவது ஒரு பொரிப்பகத்தில் வேனை நிறுத்தி, தொட்டியில் கிடக்கும் குஞ்சைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது வேண்டாம். முட்டையிலிருந்து வரும்போது வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் குஞ்சு ஆழ்கடல் வரை விடாமல் நீந்துவதற்கான சக்தி, அதைத் தொட்டியில் சுற்றிச் சுற்றியே தீர்த்துவிடும். தாய் ஆமை தானாகக் கரையேறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் தங்காலைக்குக் கிழக்கே இருக்கும் ரெகாவ கடற்கரைக்குப் போங்கள். 2006இல் சரணாலயமாக அறிவித்த இடம். இலங்கையில் முட்டையிடும் ஐந்து வகையில் இங்கே அதிகம் வருவது பேராமை என்கிற பச்சை ஆமை.

பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்களுக்குப் பாதை சுலபம். பெரகலயில் இறங்கி, கொஸ்லந்தை, வெல்லவாய, தணமல்வில, அம்பாந்தோட்டை என்று வந்தால் தங்காலைக்கு முன்னாலேயே நெட்டோல்பிட்டிய சந்தி வரும், அங்கே கடல் பக்கம் திரும்ப வேண்டும். ஹட்டன், நுவரெலியாவிலிருந்து வருகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டால் வழியில் கடை தேட வேண்டியதில்லை. ஒரே நாளில் போய்வரலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள், ஆமை பார்த்து முடிய நள்ளிரவு தாண்டலாம், அதற்குப் பிறகு தூக்கக் கலக்கத்தில் மலைப்பாதை ஏறுவது டிரைவருக்கும் ஆகாது நமக்கும் ஆகாது. தங்காலையில் முதலிலேயே அறை பேசிவிடுங்கள்.

வருடம் முழுக்க ஆமை வரும் என்றாலும் ஏப்ரல், மே மாதங்களில் வாய்ப்பு கூட. ஏப்ரலில் கொழும்பே சீசனுக்கு நுவரெலியா ஏறி வரும்போது நாம் கீழே இறங்குவது ஒரு வகையில் நல்லதுதான், வேன் கூலிதான் கொஞ்சம் கடிக்கும். போயா (பௌர்ணமி) லீவில் கூட்டம் இருக்கும், வேறு நாள் கிடைத்தால் அதையே எடுங்கள்.

இருட்டியதும் டிக்கெட் எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வழிகாட்டி கூப்பிடும் வரை கரைக்கு இறங்கக்கூடாது. டோர்ச், போன் வெளிச்சம், பிளாஷ் எதுவும் கூடாது: ஏறிவரும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். கறுப்பு, கருநீல உடுப்பு நல்லது. முதலில் முன்துடுப்பால் மணலை வாரி எறிந்து உடம்புக்குக் குழி பறிக்கும், பக்கத்தில் நின்றால் முகத்திலேயே அடிக்கும். பிறகு பின்துடுப்பை அகப்பை மாதிரி மடித்து, ஒரு பக்கம் அள்ளி வெளியே வைத்து, மறு பக்கம் அள்ளி, கண்ணால் பார்க்காமலே ஆழமாகத் தோண்டும். முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் வழிகாட்டி பின்பக்கமாக அழைத்துப் போவார். நூறு முட்டைக்கு மேல்கூட இடும். கண்ணிலிருந்து வழிவதைப் பார்த்து, அழுகிறது ஐயோ பாவம் என்று பிள்ளைகள் சொல்வார்கள், அது உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் நீர். அப்புறம் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும்போது முன்னால் போய் நிற்காதீர்கள், வழியை விடுங்கள்.

சில இரவுகளில் ஒன்றுமே வராது. அதற்காக வழிகாட்டியோடு சண்டை பிடித்துப் பயனில்லை. முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாயும் போர்வையும் கொண்டுபோங்கள், கொசு எண்ணெய் மறக்க வேண்டாம். ஸ்வெட்டர் தேவைப்படாது, அதை வேனிலேயே விடுங்கள்.

மறுநாள் காலை நேரமிருந்தால் குடாவெல்லயில் ஹும்மானய பார்க்கலாம். பாறைக்கு அடியில் குகை மாதிரி இருக்கும் வெடிப்புக்குள் அலை புகுந்து மேலே பீறிட்டு அடிக்கும். அங்கே ஆமை இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆமைக்கு முட்டையிட மணல் வேண்டும், பாறையில் என்ன செய்யும்? அங்கிருந்து பதினொரு மணிக்குள் கிளம்பினால், பெரகல ஏற்றத்தில் பனிமூட்டம் இறங்கும் முன் ஏறிவிடலாம்.