செல்ஃபியைப் பார்த்து மூக்கைப் பழிக்காதீர்கள்

கல்யாணம், வளைகாப்பு என்று படம் எடுப்பது என் தொழில். இன்ஸ்டாகிராமில் தங்கள் படத்தைப் போடத் தொடங்கும் பெண்கள் பலர் யோசனை கேட்டு வருகிறார்கள். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். வெளிச்சம், பின்னணி பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

செல்ஃபியை வைத்து முகத்தை எடைபோடுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. நிச்சயதார்த்தப் படத்துக்காக ஒரு பெண் வந்தாள். மூக்கு பெரிதாக இருக்கிறதாம், சீட்டுப் பணத்தை எடுத்து ஆபரேஷன் செய்யப் போகிறாளாம். ஆதாரமாகக் காட்டியது அத்தனையும் கையை மடக்கி எடுத்த செல்ஃபி!

போன் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, முன்னால் நீண்டிருக்கும் மூக்கு பெரிதாகவும் பின்னால் இருக்கும் கன்னமும் காதும் சிறிதாகவும் விழும். 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். 12 அங்குலத்தில் எடுத்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். 5 அடி தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் அநேகமாக இருக்காது.

அவளை ஜன்னலோரம் நிறுத்தி, அவள் போனிலேயே, பின்பக்கக் கேமராவில், 5 அடி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்து எடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்கம்மா மூக்கு" என்றாள். ஆபரேஷன் பேச்சு அதோடு நின்றது. சரி, எடுத்துத்தர ஆள் இல்லையா? போனைச் சாய்த்து வைத்து டைமர் போடுங்கள்.

அடுத்தவர் எடுத்த படத்தைக் கண்டு பதறுவது

தினமும் கண்ணாடியில் பார்ப்பது இடவலம் மாறிய முகம். அதனால் படத்தில் ஏதோ கோணலாகத் தோன்றும். மற்றவர்களுக்கு அந்தப் படத்து முகம்தான் பழக்கம்.

பியூட்டி மோடை அணைக்க மறப்பது

பல போன்களில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். மாநிறத்தை வெளுத்து, தோலின் வரிகளை வழித்துவிடும். உடம்பையோ தோலையோ திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று நார்வேயில் 2022 முதல் சட்டமே இருக்கிறது. நம் வீட்டுப் படத்துக்கு அந்தத் திருத்தம் எதற்கு?

முந்திக்கொண்டு தன்னையே கேலி செய்வது

"பூசணிக்காய் வந்தாச்சு" என்று நீங்களே எழுதினால், வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள். புடவையைப் பற்றி எழுதுங்கள்.

ஒல்லியான தோழியின் பின்னால் ஒளிவது

வேண்டாம். முன்னால் வாருங்கள்.

"வெயிட் போட்டுட்டியே" என்பவருக்கு விளக்கம் எழுதுவது

தைராய்டு, பிரசவம் என்று காரணம் சொல்லத் தொடங்கினால் அப்புறம் கேள்வி நிற்காது. கமெண்ட்டை நீக்கிவிடுங்கள், சொன்னது சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும்.