நேபுகாத்நேச்சாருக்குக் கிடைத்த 12 மாதங்கள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகமத்தில் தானியேல் புத்தகத்தின் 4-ஆம் அதிகாரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் மாட்டைப்போலப் புல்லைத் தின்றதுதான். பெருமைக்கு விழுந்த அடி என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். ராஜாவைக் குறித்த மரத்தை வெட்டிப்போடுங்கள் என்ற தீர்ப்பு அவருடைய சொப்பனத்தில் வந்த பிறகும் 12 மாதங்கள் எதுவும் நடக்கவில்லை. 29-ஆம் வசனம் இதைக் குறித்துச் சொல்கிறது. இந்த ஓராண்டை விட்டுவிட்டால், கர்த்தர் தண்டிக்கக் காத்திருந்தவராகத் தெரிவார். அவரோ ராஜா திரும்புவாரா என்று பார்த்துக் காத்திருந்தார்.

பெருமை என்றால் வெறும் வாய்ச்சவடால் என்று எண்ணுவது அடுத்த தவறு. அரமனைமேல் உலாவியபடி, இது நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா என்றார் ராஜா. அவர் உண்மையாகவே கட்டினவர். அவர் பெயர் பொறித்த செங்கற்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இப்படிக் கையில் ஆதாரத்தோடு வரும் பெருமையைத்தான் உடைப்பது கடினம்.

மனந்திரும்புதலைக் கண்ணீரோடு முடித்துவிடுவதும் தவறு. சொப்பனத்தின் பொருளை ராஜாவுக்குச் சொன்ன தானியேல், 27-ஆம் வசனத்தில் அவரை அழச் சொல்லவில்லை. நீதி செய்யும், சிறுமையானவர்களுக்கு இரங்கும் என்கிறார். ஆளுகிறவர் மனந்திரும்பினால் அது எளியவர்களின் வாழ்க்கையில் தெரிய வேண்டும். இதைச் சொன்னவரும் எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்களில் ஒருவர். தன் நகரத்தின் ஆலயத்தைச் சுட்டெரித்த ராஜாவுக்கு வரப்போகும் அழிவைக் கண்டு அவர் மகிழவில்லை. ஒரு நாழிகை திகைத்துக் கலங்கினார். பிரசங்கங்களில் இதைப் பேசாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. கர்த்தரின் நீடிய பொறுமை அந்த மனிதரின் கலக்கத்திலும் தெரிகிறது.

மரத்தை வெட்டினாலும் அடிமரத்தை விட்டுவைக்கச் சொன்னதையும் மறக்கக் கூடாது. திரும்பிவர வழி தீர்ப்புக்குள்ளேயே இருந்தது. ராஜா கண்களை வானத்துக்கு ஏறெடுத்தபோது ராஜ்யமும் திரும்பக் கிடைத்தது.

சரி, எல்லோருக்கும் ஓராண்டு கிடைக்குமா? அப்படி எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. அடுத்த அதிகாரத்தில், சுவரில் எழுத்து தோன்றிய அன்று இரவே, பின்னாளில் பாபிலோனை ஆண்ட ராஜா பெல்ஷாத்சார் கொல்லப்படுகிறார். அவருக்கு அவகாசமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இதையெல்லாம் அறிந்திருந்தும் நீர் உம்மைத் தாழ்த்தவில்லை என்று தானியேல் முகத்துக்கு நேரே சொல்கிறார். நேபுகாத்நேச்சாருக்கு நடந்ததைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்தே அவருடைய அவகாசம் ஓடத் தொடங்கியிருந்தது.