சிம் கார்டு வாங்கிய கையோடு பங்கிலும் பெயர் கொடுங்கள்

இங்கிலாந்துக்கு வந்து இறங்கியதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று முன்னால் வந்த நர்ஸ் அக்காக்கள் சொல்லித் தருவார்கள். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வாடகை வீடு, ஜிபி டாக்டரிடம் பதிவு. இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நான் எழுதுவது எனக்கு யாருமே சொல்லித் தராத ஒன்றை. நீங்கள் கத்தோலிக்கராக இருந்து, இனிமேல்தான் கல்யாணம், அதுவும் ஊரில்தான் என்றால், குடியிருக்கும் தெரு எந்தப் பங்கில், அதாவது எந்தக் கோயிலின் எல்லையில், வருகிறது என்று விசாரித்து முதல் மாதமே அங்கே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

நான் பதியவில்லை. 2024 ஜனவரி 29 அன்று காட்பாடியில் நடக்க வேண்டிய என் கல்யாணம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது.

நம் ஊரில் இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டியதே இல்லை. அப்பா கோயில் சந்தா கட்டுகிறார், அம்மா அன்பியம் என்ற அக்கம்பக்கத்து ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார். யார் எப்போது புது நன்மை (முதல் நற்கருணை) வாங்கினார்கள், யார் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியாருக்குத் தெரியும். பங்குச் சாமியாரைப் பார்த்துப் பேசி, மணவாழ்வுப் பயிற்சிக்குப் போய்வந்து, மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தால், அதாவது இன்னாருக்குக் கல்யாணம், தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று அறிவித்தால் சரி. இங்கே உபதேசியார் கிடையாது. நாமாகப் போய்ச் சொல்லாவிட்டால் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

எனக்குப் பல ஞாயிறுகளில் டியூட்டி. மாதம் ஒரு முறை வேறு நகரத்தில் தமிழ்ப் பூசை நடக்கும், ஒன்றரை மணி நேரம் ரயிலில் போவேன். தமிழில் ஒரு மாதா பாட்டுக் கேட்டால் அடுத்த மாதம் வரை தாங்கும். அதுதான் என் கோயில், அதுதான் என் பங்கு என்று மூன்று வருடம் நினைத்திருந்தேன். திருச்சபைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்துவிட்டாலே, அந்த எல்லைக்குரிய பங்குத்தந்தைதான் நம் பங்குத்தந்தை. அவர் முகத்தை நாம் பார்த்திருக்கிறோமா இல்லையா என்பது கணக்கே இல்லை.

நவம்பர் கடைசியில் ஊர்ச் சாமியார் போனில் கேட்டார்: "மூணு வருஷம் அங்க இருந்திருக்கியேம்மா. உனக்கு அங்க கல்யாணம் ஆகலைன்னு அந்தப் பங்குல இருந்து கடிதம் வேணுமே?" அப்பாவுக்குக் கோபம். மாப்பிள்ளை வீடு ஆரணி. ஆரணி, காட்பாடி இரண்டும் ஒரே ஆயரின் (பிஷப்பின்) கீழ் வரும் வேலூர் மறைமாவட்டம்தானே, இதில் இங்கிலாந்துக் கடிதம் எதற்கு என்று பெரியப்பாவும் சேர்ந்துகொண்டார். யோசித்துப் பார்த்தால் சாமியார் கேட்டது நியாயம். தடை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அவர் கல்யாணத்தை மந்திரிக்கலாம் (நடத்திவைக்கலாம்). மூன்று வருடம் நான் இங்கே எப்படி இருந்தேன் என்பதற்குக் காட்பாடியில் ஓலை வாசித்தால் யார் எழுந்து என்ன சொல்லப்போகிறார்கள்?

என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த கோயிலுக்கு அன்றுதான் முதல்முறையாகப் போனேன். அந்த ஃபாதர் நல்லவர். ஆனால் தெரியாத ஒரு பெண்ணுக்கு என்னவென்று எழுதிக் கொடுப்பார்? என்னைப் பல வருடமாகத் தெரிந்த இரண்டு பேரின் சாட்சியம் கேட்டார். ஆறு மாதத்துக்குள் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார். நான் ஊரிலிருந்து லேமினேட் செய்து பத்திரமாகக் கொண்டுவந்த பழைய சான்றிதழ் உதவவில்லை. காரணம் இதுதான்: கத்தோலிக்கருக்கு எங்கே கல்யாணம் நடந்தாலும், ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் போய், அந்தப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். அம்மா போய்க் கேட்டபோது உபதேசியார் அந்தப் பெரிய புத்தகத்தை மேசைமேல் விரித்தாராம். அம்மா போட்டோ எடுத்து அனுப்பினார். நீல மையில் என் பெயர், அப்பா பெயர், ஞானத்தாய் பெயர். பக்கத்தில் ஓரம் வெறுமையாக இருந்தது. அந்த வெறும் ஓரத்துக்குத்தான் புதுச் சான்றிதழ்.

காகிதங்கள் இங்கிருந்து நேரே காட்பாடிக்குப் போகவில்லை. இந்த மறைமாவட்ட அலுவலகம் பார்த்து, அது வேலூர் ஆயர் இல்லத்துக்கு அனுப்பி, அங்கிருந்து நம் பங்குக்கு. நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை. வந்து சேர்ந்தது பிப்ரவரி 9. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் 14-ஆம் தேதி, தவக்காலத்தில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. என் லீவும் தீர்ந்துவிட்டது. மண்டப அட்வான்ஸ் போனது, இரண்டாவது டிக்கெட் எடுத்தேன், அடித்த 800 கார்டும் வீண். கார்டு கொடுத்த பிறகு தேதி மாறினால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பூசை முடிவதற்குள் எழுந்து வந்துவிடுவாராம். இதை எனக்குத் தங்கைதான் சொன்னாள், அதுவும் கல்யாணம் முடிந்த பிறகு.

மற்றவை சுருக்கமாக. விசாவுக்காக இங்கே ரெஜிஸ்டர் மட்டும் செய்துகொண்டால் அரசுக்கு நீங்கள் கணவன் மனைவி, திருச்சபைக்கு இல்லை. பங்குத்தந்தை அல்லது அவர் அனுமதி கொடுத்த குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் நடந்தால்தான் அது திருச்சபைத் திருமணம். சித்தப்பா சாமியாராக இருந்தாலும், அந்தப் பங்குத்தந்தையின் அனுமதியை வாங்காமல் அவர் மந்திரிக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் நடந்தால் கல்யாணமே செல்லாது, இதைச் சங்கடப்படாமல் கேட்டு வாங்குங்கள். இடம், பெண் அல்லது மாப்பிள்ளையின் பங்குக் கோயில். மண்டபத்தில் பிரியாணி போடலாம், மந்திரிப்பு கோயிலில்தான்.

வேலூர்ப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை) சம்பந்தம் நிறைய. அதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். கல்யாணமே சிஎஸ்ஐ கோயிலில் என்றால் அதற்குத் தனியாக விலக்கு வாங்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாதவரை மணந்தால் ஆயரின் விலக்கு இல்லாமல் அது செல்லாது. இவற்றுக்கும் நாள் பிடிக்கும். இங்கேயே கல்யாணம் செய்பவர்கள் ரெஜிஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும், நம்மைப் போன்ற விசாக்காரர்களுக்கு அது 70 நாள் வரை நீளலாம். ஊரில் செய்தால் 2009-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள்.

இன்னும் விமானம் ஏறாதவர்கள், கிளம்பும் வாரத்தில் உங்கள் பங்குச் சாமியாரிடம் இன்றுவரை மணமாகாதவர் என்று ஒரு கடிதம், கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வந்ததும் முதல் ஞாயிறு பூசை முடிந்து வாசலில் கை குலுக்கும் ஃபாதரிடம் அதைக் கொடுத்துப் பெயரைச் சொல்லுங்கள். தமிழ்ப் பூசைக்கு அடுத்த வாரம் போகலாம்.