பெட்டி கட்டுமுன் ‘வேப்’பை வெளியே எடுத்து வையுங்கள்

ஆற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டிக்கெட் அலுவலகம் நடத்துகிறேன். மேல்விஷாரத்திலிருந்து துபாய்க்கும் ரியாத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளிலிருந்து ஹாங்காங், மிலான் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள், வி.ஐ.டி.யில் முடித்துவிட்டு லண்டனுக்கு மேற்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகள் எல்லாரும் இங்கே வருவார்கள். பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, “வேப் வைத்திருக்கிறாயா தம்பி?” என்று கேட்டுவிடுகிறேன். வேப் என்றால் மின்-சிகரெட்.

இதைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அம்மா பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எந்தப் பையனும் ‘ஆமாம்’ என்று சொல்ல மாட்டான். ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி அம்மாவை எதிர்க் கடைக்கு அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். வீட்டில் பெட்டி கட்டுகிற பெரியவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். திட்டுவதற்காகக் கேட்காதீர்கள், விமானத்தைத் தவறவிடாமல் இருப்பதற்காகக் கேளுங்கள்.

பொருளை அடையாளம் கண்டுகொள்வதும் சுலபமில்லை. ஒருவர் தன் மகனின் பையிலிருந்து எடுத்து, “இது பென் டிரைவ் தானே அக்கா?” என்று என் மேசையில் வைத்தார். விரல் நீளத்துக்கு வழவழப்பான நீலப் பிளாஸ்டிக். ஒரு முனை தட்டையாக, வாயில் வைக்கத் தோதாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் மாம்பழ மிட்டாய் வாசனை. அடியில் பொடி எழுத்தில் 3.7 வோல்ட், 650 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, நிகோட்டின் திரவம் ஊறிய பஞ்சு, அதைச் சூடாக்கும் மெல்லிய கம்பிச்சுருள், அவ்வளவுதான். சில வகைகளில் பட்டனை அழுத்த வேண்டும். இந்த வகை வாயால் இழுத்தாலே தானாகச் சூடேறிவிடும்.

இனிக் குழப்பத்துக்கு வருவோம். இணையத்தில் தேடினால், ‘செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள்’ என்று எழுதியிருக்கும். அது சர்வதேச விமான விதி, பொய்யில்லை. ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ விமானம் ஏறுகிறவருக்கு அது உதவாது. தமிழ்நாட்டில் 2018-லேயே மின்-சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அது முழுச் சட்டமாயிற்று. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, சேமித்து வைத்தல் எல்லாமே குற்றம். சேமித்து வைத்தலுக்குத் தண்டனை சற்றுக் குறைவு. மற்றவற்றில் முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். திரும்பவும் மாட்டினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். புகையிலைக் குச்சியைச் சூடாக்கி இழுக்கும் கருவி, இ-ஹூக்கா ஆகியவையும் இதற்குள் அடக்கம். ஆகவே இங்கிருந்து புறப்படுகிறவர் கைப்பையிலும் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியிலும் வைக்கக் கூடாது.

பெட்டிக்குள் ஆழமாகச் சொருகிவிட்டால் தெரியாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டரியும் கம்பிச்சுருளும் ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். பெயரை அறிவிப்பார்கள், போய்ப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், அதற்குள் போர்டிங் முடிந்துவிடும். டிக்கெட் பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

பேட்டரிக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்றால், துணிமணிகளின் அழுத்தத்தில் பட்டன் அமுங்கிச் சுருள் சூடேறலாம், பேட்டரியும் பற்றிக்கொள்ளலாம். சரக்கு அறையில் அதைக் கவனிக்க ஆளில்லை. அங்குள்ள ஹாலான் வாயு தீச்சுவாலையை அடக்கும். ஆனால் லித்தியம் பேட்டரிக்குள் மூண்ட சூட்டை அதனால் நிறுத்த முடியாது. பயணிகள் பகுதியில் புகை வந்தாலோ, பணிப்பெண் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார். இதனால்தான் அமெரிக்கா 2015-இல் செக்-இன் பெட்டியில் மின்-சிகரெட்டைத் தடை செய்தது.

அனுமதி உள்ள இரண்டு வெளிநாடுகளுக்கு இடையே பறப்பவர்களுக்கு மட்டும் இது: கருவியை அணைத்து, கழற்ற முடிந்தால் பேட்டரியைக் கழற்றி, உறையிலிட்டுக் கைப்பையில் வையுங்கள். திரவம் ஊற்றும் தொட்டி இருந்தால் அதைக் காலி செய்துவிடுங்கள். மேலே போனதும் கேபின் காற்றழுத்தம் குறையும். தொட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளி, பையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். விமானத்தில் சார்ஜ் போடக் கூடாது. கழிப்பறைக்குள் போய் இழுக்கவே கூடாது. ‘புகையில்லை, ஆவிதானே’ என்ற வாதம் புகை உணரும் கருவியிடம் செல்லாது.

போகும் நாட்டைப் பொறுத்தும் கதை மாறும். துபாயில் 2019 முதல் கடைகளிலேயே விற்கிறார்கள். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருந்தாலே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து பெரியவர்களுக்கு முதல் அபராதமே 700 டாலர். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த குப்பி என்றால் அது போதைப்பொருள் வழக்கு. ஹாங்காங்கில் 2022 ஏப்ரல் 30 முதல் இறக்குமதிக்குத் தடை. தாய்லாந்திலும் தடைதான், சுற்றுலாப் பயணி என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். பிரிட்டனில் வேப் விற்கிறார்கள், ஆனால் ஒரு முறை உபயோகித்துவிட்டு எறிகிற வகையை 2025 ஜூன் 1 முதல் விற்க முடியாது.

ஊருக்குத் திரும்பி வருபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். துபாயில் சட்டப்படி வாங்கியது, ரசீது இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு என்பார்கள். மீனம்பாக்கத்தில் ரசீது செல்லாது. ஒன்றே ஒன்று கொண்டுவந்தாலும் இறக்குமதிதான். அங்கேயே அறை நண்பரிடம் விட்டுவிட்டு வாருங்கள். இன்னொன்று, ‘அண்ணே, இந்தச் சின்னப் பார்சல் மட்டும், சென்னையில் என் ஆள் வாங்கிக்கொள்வான்’ என்று விமான நிலையத்தில் சிரித்துப் பேசுகிறவரிடம் எதையும் வாங்காதீர்கள். கூலிக்குக் கடத்தல் பொருள் சுமக்கும் ‘குருவி’களுக்கு அது தொழில். உங்களுக்கு வேலை, விசா, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிறது.

வழக்கமாக இழுப்பவருக்கு நடுவழியில் தவிப்பு எடுக்கும். ஆற்காட்டிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர, மூன்று மணி நேரம் முன்னதாகக் காத்திருக்க, நாலு மணி நேரம் பறக்க என்று கணக்குப் போட்டால் பாதி நாள் போய்விடும். மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மெல்லுங்கள், நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவையுங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் தாங்கும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

பெட்டியைத் திறந்ததுதான் திறந்தீர்கள், மற்றதையும் பார்த்துவிடுங்கள். லைட்டர், தீப்பெட்டி எதிலும் கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 20-ஐ பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், 74 வரும், பிரச்சினையில்லை. பிரியாணி மசாலா, குருமாப் பொடி அரைத்துக் கொடுத்தனுப்பும் அம்மாக்கள் கசகசா சேர்க்காதீர்கள். அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும். ஆற்காடு மக்கன் பேடாவைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். பாகு 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் விட மாட்டார்கள், ஆகவே பாகை வடித்துவிட்டு டப்பாவை இறுக மூடிச் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.